குண்டின் எடையும் குன்றின் சரிவும்

பதுளை நகருக்குச் செல்பவர் அங்குள்ள சென் மார்க் தேவாலயத்தை ஒரு முறையேனும் எட்டிப் பார்க்க வேண்டும். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்து, 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டவர் அவர். அங்குள்ள நினைவுக் கல் அவருடைய பதவிகளைச் சொல்கிறது. ஊரார் நினைவில் நிற்பதோ வேறொரு கணக்கு. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் ஆயிரத்து நானூறுக்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் தமது இலங்கை வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையின் மேலும் பிறகு இடி விழுந்தது என்றும், அது யானைகளின் சாபம் என்றும் மலைநாட்டார் கதை சொல்வர். கதை கிடக்கட்டும்.

நம் காலத்தவருக்கு வியப்பளிப்பது ரோஜர்ஸின் கணக்கைக் காட்டிலும் அக்கணக்குக்கு இருந்த அரசாங்க ஒப்புதலே. யானை அந்நாளில் பயிரழிக்கும் பிராணிகளுள் ஒன்று. எலியைக் கொல்வது எப்படிக் குற்றமன்றோ அப்படியே யானையைக் கொல்வதும் குற்றமன்று. குற்றமன்று என்பதோடு நில்லாமல், தலைக்குச் சில ஷில்லிங் வீதம் அரசாங்கமே பரிசும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகூட நிரம்பாத காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளும் இப்பரிசுக்காக மடிந்தன என்பதும் டெனன்ட் தரும் செய்தியே.

பயிருக்குத் தீங்கு செய்யும் விலங்கை எந்தக் குழலால், எவ்வளவு எடையுள்ள குண்டால் சுடுவது என்ற கேள்வி இந்தத் தீவில் அப்போதே தொடங்கிவிட்டது. வேட்டை நூல்களில் அது துரைமாரின் மாலை நேரத்துப் பேச்சாகவே கிடக்கிறது. ஊவாத் தோட்டங்களில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்த எனக்கு அது வெறும் பேச்சாகத் தோன்றவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

துப்பாக்கியைப் பற்றிச் சிறிதும் அறியாத வாசகருக்காக முதலில் ஓர் அளவை விளக்கம் சொல்ல வேண்டும். பழைய துவக்குகளைப் ‘பன்னிரண்டு போர்’, ‘பத்துப் போர்’ என்று எண்ணால் குறிப்பர். எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். கேட்பவருக்கு இது தலைகீழாகப் படும். காரணம் எளிது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை சரியாகப் பொருந்தும் குழலே பன்னிரண்டு போர். நான்கே உருண்டைகளாக வார்த்தால், ஒவ்வொன்றும் நான்கு அவுன்ஸ். அது பொருந்துவது நான்கு போர்.

நுவரெலியாவில் 1848இல் குடியேறி, பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் தோற்றத்தைத் தேடிப் புகழ் பெற்ற சாமுவேல் பேக்கரிடம் இருந்தது அந்த நான்கு அவுன்ஸ் துவக்குத்தான். அதன் எடை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு இடும் மருந்து ஓர் அவுன்ஸ். அதைத் தோளில் வைத்துச் சுடுவதற்கு மனிதனாகப் பிறந்தால் மட்டும் போதாது! கனமான குண்டும் மிகுதியான மருந்தும் இருந்தாலன்றிப் பெருவிலங்கு வீழாது என்பது பேக்கரின் கட்சி. ‘இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்’ என்னும் பொருள்படும் தமது நூலில் அதை அவர் வழக்கறிஞரைப் போலவே வாதாடியிருக்கிறார்.

அவரை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: விலங்கு விழுமா? குண்டு விலங்கில் படாமல் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு எதிரே இருந்தது ஆளில்லாக் காடு. மானாப்புல் மண்டிய பத்தனை வெளி. தவறிய குண்டு ஏதாவதொரு மலைக்குள் புதைந்து ஒழியும். அந்தப் பத்தனைகளும் காடுகளும் திருத்தப்பட்டுக் கோப்பி மலைகளாகி, கோப்பிக்குப் பின் தேயிலை மலைகளாகி, சரிவுக்குச் சரிவு லயங்கள் எழுந்த பிறகு கேள்வி மாறிவிட்டது. கேட்பவர் மட்டும் மாறவில்லை.

கோப்பிக் காலத்தை ஒரு சொல்லில் கடக்க மனமில்லை. ஏனெனில் துவக்கால் ஆகாத பகைகள் இரண்டு அக்காலத்தில் வந்தன. ஒன்று கோப்பி எலி. காட்டில் இரை குறைந்தபோது கூட்டங் கூட்டமாகத் தோட்டங்களுள் இறங்கி, மொட்டையும் பூவையும் தின்ன, இளங்கிளைகளைக் கடித்தெறிந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டாம். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் உண்டனர் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே விரும்பிச் சென்றனர் என்றும் டெனன்ட் சுவைபட எழுதுகிறார். விருப்பமா, வயிற்றுப் பசியா என்று அவர் ஆராயவில்லை. மற்றொன்று கண்ணுக்கே தெரியாதது. 1869இல் நம் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாக அது முதன்முதல் காணப்பட்டது. அந்தப் பூஞ்சண நோய் இருபதாண்டுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிரை ஏறத்தாழத் துடைத்துவிட்டது. யானைக்கு நான்கு அவுன்ஸ் குண்டு வார்த்தவர்கள் ஒரு பொடியின் முன் கைகட்டி நின்றார்கள்.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

1970களின் இறுதியில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பாடசாலைக்கு மாற்றலாகிப் போனேன். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாடசாலைக்குப் பின்னால் லயம். லயத்துக்குப் பின்னால் தொழிலாளர் வேலை நேரம் போகப் பயிரிட்ட தோட்டத்துண்டுகள். மரவள்ளி, வற்றாளை, போஞ்சி, கொஞ்சம் சோளம். சம்பளத்துக்கும் வயிற்றுக்கும் இடையிலிருந்த இடைவெளியை அந்தத் துண்டுகளே நிரப்பின. அவற்றுக்கும் காட்டுக்கும் இடையில் இருந்தது ஓர் அகழியின் தூரம். இரவில் காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றி வரும், பகலில் குரங்கு வரும். ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவில் உழுதுவிட்டுப் போன மரவள்ளிப் பாத்தியைக் காலையில் பார்த்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள்.

காவலுக்கு ஒரு முதியவர் இருந்தார். பிள்ளைகள் அவரை ‘வாச்சர் தாத்தா’ என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவரிடம் தோட்டத்தின் ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர்த் துவக்கு இருந்தது. இருந்தது என்றால், இரவில் மட்டும் இருந்தது. மாலையில் ஆபீசில் கையெழுத்து வைத்துத் துவக்கையும் இரண்டு தோட்டாக்களையும் பெற்றுக்கொள்வார். விடிந்ததும் துவக்கோடு இரண்டு தோட்டாக்களையோ, சுட்டிருந்தால் வெற்றுக் கூட்டையோ திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

அந்த இரண்டு தோட்டாக்களுள் ஒன்று நாலாம் நம்பர். மற்றது எஸ்.ஜி. பன்னிரண்டு போர்த் தோட்டாவுக்குள் ஒரே குண்டுக்குப் பதிலாகச் சிறு சன்னங்களை நிரப்புவர் என்பது பலரும் அறிந்ததே. நாலாம் நம்பரில் ஓர் அவுன்சுக்கு 170 சன்னங்கள். கடுகைவிடச் சற்றுப் பெரியவை. எஸ்.ஜி.யில் ஓர் அவுன்சுக்கு எட்டே சன்னங்கள். ஒவ்வொன்றும் பெரிய பட்டாணி அளவு. முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் முன்னது, காட்டுப்பன்றிக்குப் பின்னது. முன்னது நாற்பது கெஜத்துக்கு அப்பால் பயனற்றது. முந்நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். பின்னது எழுநூறு கெஜம் வரையிலும் பறக்கக்கூடும்.

ஒருநாள் இரவு உறக்கம் வராமல் அவரோடு பரணில் ஏறி உட்கார்ந்திருந்தேன். நிலவு வெளிச்சம். மேட்டின் விளிம்பில், வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பெரிய ஆண்பன்றி ஒன்று வந்து நின்றது. எண்பதடி இருக்கும். எனக்கு மூச்சு நின்றது. அவர் துவக்கைத் தூக்கினார், தாழ்த்திவிட்டார். பன்றி சாவதானமாக இறங்கி மரவள்ளிக்குள் புகுந்து மறைந்தது.

“ஏன் தாத்தா சுடல்லை?” என்றேன்.

“பன்றிக்குப் பின்னால என்னா இருந்திச்சு மாஸ்டர்?” என்று திருப்பிக் கேட்டார்.

“வானம்.”

“வானத்துக்குக் கீழ?”

நான் விடை சொல்லவில்லை. மேட்டுக்கு அப்பால் பள்ளம்; பள்ளத்துக்கு அப்பால் அடுத்த டிவிசனின் பத்துக்காம்பறா லயம்.

“அங்கன ஆறு மாசப் புள்ள ஒண்ணு தூங்குது” என்றார். வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

பன்றி பாத்தியின் நடுவே இறங்கி, பின்னால் மண்சரிவு மட்டுமே இருக்கும்படி நின்றபோது அவர் சுட்டார். பன்னிரண்டடிப் பரணிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து கெஜத்தில், கீழ் நோக்கிய வெடி. படாத சன்னங்கள் நேரே ஈரமண்ணுக்குள் போயிருக்கும். அப்போதுதான் பரண் எதற்கென்று எனக்குப் புரிந்தது. குறிஞ்சித் திணையை நான் வகுப்பில் நடத்தியவன். தினைப்புனத்துப் பரணையும், கிளி கடியும் பெண்களின் தழலையும் தட்டையையும் குளிரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். பரண் என்பது விலங்குக்கு எட்டாத உயரம் என்று மட்டுமே அதுவரை சொல்லிக் கொடுத்திருந்தேன். எறியும் கவண்கல்லும் விடும் அம்பும் அயலான் புனத்துக்குப் போகாமல் தன் நிலத்திலேயே புதைவதற்கான ஏற்பாடும் அதுவாகலாம் என்று எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. பசறையில் வாச்சர் தாத்தா சொன்னார்.

அதன் பின்னர் ஒரு வெறியோடு துப்பாக்கி நூல்களைப் படிக்கலானேன். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் அலுமாரியில் அத்தகைய நூல்களை வைத்திருப்பது கண்டு நண்பர்கள் நகைத்ததுண்டு.

மேல்நாட்டார் இக்கேள்வியை இரு திசையிலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில், பூங்காக்களின் உயர்ந்த மரங்களில் கூடு கட்டும் காக்கையினத்துப் பறவைகளைச் சுடுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ரூக் ரைபிள்’ என்னும் சிறு துவக்கைச் செய்தார்கள். மேல் நோக்கிச் சுட வேண்டும், சுற்றிலும் கிராமங்கள். ஆகவே குண்டு இலகுவாகவும் மந்தமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. அமெரிக்கரோ நேர்மாறாகப் போனார்கள். வயலில் வளை தோண்டும் சிறு பிராணிகளை இருநூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து சுடுவதற்கு மிக இலேசான, மிக வேகமான குண்டே உகந்தது என்றார்கள். 1930இல் வந்த ‘ஹார்னெட்’ என்னும் .22 தோட்டாவின் குண்டு 45 கிறேன் எடை. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி. 1935இல் வந்த ‘ஸ்விப்ட்’ 48 கிறேன் குண்டை 4,100 அடி வேகத்தில் விட்டது.

கிறேன் என்பது மேல்நாட்டார் தானிய மணியை வைத்து வகுத்த நிறை. நம் பொற்கொல்லர் குன்றிமணியை வைத்து நிறுத்ததைப் போன்றதே. ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிறேன். ஆக, ஹார்னெட் குண்டின் எடை இருபத்திரண்டு, இருபத்துமூன்று குன்றிமணி. பெண்ணுக்கு ஒரு மூக்குத்தியும் தோடும் செய்யும் பொன் அளவு எனலாம். பேக்கரின் நான்கு அவுன்ஸ் குண்டோ 1,750 கிறேன். அந்த ஒரு குண்டை உருக்கினால் முப்பத்தெட்டு ஹார்னெட் குண்டுகள் வார்க்கலாம்.

இலேசான குண்டு எப்படிப் போதும் என்று கேட்கலாம். எறிபொருளின் ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தோடு வேகத்தைப் பெருக்கிய அளவாகவும் வளர்கிறது. எடையை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும்; வேகத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தோடு மற்றொரு குணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. மெல்லிய செப்புத்தோல் போர்த்த அந்தக் குண்டு, வேகத்தின் மிகுதியால், மண்ணிலோ கல்லிலோ பட்டவுடன் தூளாகச் சிதறிவிடுகிறது. மந்தமாக வரும் திண்ணிய ஈயக் குண்டு பாறையில் சாய்வாகப் பட்டால், குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போலத் துள்ளி வேறு திசையில் பாயும். சாதாரண .22 துவக்கின் 40 கிறேன் குண்டு பார்வைக்குச் சிறிது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்போல எண்ணுவாருமுண்டு. அது தடையின்றிப் போனால் ஒரு மைலைத் தாண்டும். ஊவாவின் மலைச்சரிவுகளில், தேயிலைச் செடிக்குச் செடி இடையே பாறை தலைநீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில், துள்ளும் குண்டைக் காட்டிலும் தூளாகும் குண்டே அயலாருக்கு நல்லது.

அப்படியானால் ஹார்னெட்டையே எடுத்துக்கொள்ளலாமே எனின், அங்கேதான் காட்டுப்பன்றி குறுக்கே வருகிறது. இருநூறு இறாத்தலைத் தொடும் ஆண்பன்றியின் தோளின்மேல் கெட்டியான தோற்கவசம் ஒன்று உண்டு. முயலுக்கென்று செய்த இலேசான குண்டு அதில் பட்டு மேலேயே சிதறிவிடும். பன்றி சாகாது, காயத்தோடு ஓடும். எங்கே ஓடும்? தேயிலைக்குள். காலையில் பிரட்டுக்குப் பின் கொழுந்துக் கூடையோடு அந்த மலைக்கு ஏறுபவர்கள் பெண்கள். இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, அடியில் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாமல் நிரை பிடித்து நகர்பவர்கள். காயம்பட்ட பன்றியின் கொம்பு எந்த உயரத்தில் பாயும் என்பதை மருத்துவமனை வார்டில் கேட்டறியலாம். ஆகவே பன்றிக்கு ஆழச் சென்று வீழ்த்தும் கனமான குண்டு வேண்டும். 1955இல் வந்த .243 தோட்டாவுக்கு இரண்டு வகைக் குண்டு செய்தது இக்காரணத்தாலேயே: சிறு பிராணிக்கு 75, 80 கிறேன்; மானையொத்த விலங்குக்கு 100 கிறேன். குழல் ஒன்றுதான்; குண்டு வேறு. கனத்த குண்டு நீளமாயிருக்கும். அது தலைகுப்புற உருளாமல் நேரே செல்லக் குழலின் உட்புற முறுக்குவரி நெருக்கமாக இருக்க வேண்டும். எந்தக் குழலுக்கும் எந்தக் குண்டும் இசையும் என்று எண்ணுவது, எந்தச் சீருக்கும் எந்தத் தளையும் பொருந்தும் என்று எண்ணுவது போன்றது.

இலேசாக எடுத்தால் பன்றி காயத்தோடு கொழுந்து மலைக்குப் போகிறது. கனமாக எடுத்தால் தவறிய குண்டு லயத்துக்குப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு இடம் இருக்கிறதா? சமதரையில் இருந்துகொண்டு துவக்கு அட்டவணை எழுதுபவர் இருக்கிறது என்பார், எண்ணும் தருவார். சரிவில் நிற்பவனுக்கு அந்த எண் போதாது. எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எத்தனை கெஜத்தில் என்பதும் சேர்ந்தாலன்றிக் குண்டின் எடைக்குப் பொருளில்லை. வாச்சர் தாத்தாவின் எஸ்.ஜி. தோட்டா பரணின்மேல் நல்ல தோட்டா. அதுவே மேட்டு விளிம்பில் நின்ற பன்றிக்குக் கெட்ட தோட்டா.

வெள்ளைத்துரை காலத்தில் நடந்ததாக அவர் சொன்ன நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1900இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படையில் சேர்ந்து பயிற்சி பெற்ற துரைமார் பலர். பட்டாளத்தார் கையாண்ட .303 ரைபிளுக்கு அவர்கள் கை பழகியிருந்தது. அதன் குண்டு 174 கிறேன். வேகம் 2,440 அடி. இரண்டு மைலுக்கு அப்பால் நின்றவனையும் கொல்ல வல்லது. அந்த வகைத் துவக்கு ஒன்றால் ஒரு துரை மாலை நேரத்தில் மேட்டில் நின்ற பன்றியைச் சுட்டார். தவறிற்று. பள்ளத்துக்கு அப்பாலிருந்த லயத்தின் தகரக் கூரையைத் துளைத்து, அடுப்பின்மேல் தொங்கிய சட்டியை உடைத்து, கதவு நிலையில் போய்ப் பதிந்தது குண்டு. அடுப்படியில் ஆள் இல்லை. தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போயிருந்தாள். துரை மறுநாள் சட்டிக்குப் பணம் கொடுத்தாராம். கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் துளையில் தாரை உருக்கி அடைத்துக்கொண்டார். “அந்த ஊட்டுக்காரரு எங்க அப்பா” என்று வாச்சர் தாத்தா சொல்லி முடித்தார்.

1983 ஜூலைக்குப் பிறகு அந்தத் தோட்டத்துத் துவக்கு அங்கிருந்து கொண்டுபோகப்பட்டது. திரும்பி வரவில்லை. துவக்கின்மீது இந்நாட்டு அரசாங்கங்கள் சந்தேகம் கொண்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1971 ஏப்ரல் 5ஆம் நாள் விடியற்காலையில் ஊவாவின் வெல்லவாய காவல் நிலையம் தாக்கப்பட்டதோடு தொடங்கிய கிளர்ச்சியில், கிளர்ச்சியாளர் வீடு வீடாகச் சென்று பயிர்க்காவல் துவக்குகளைத் திரட்டிக்கொண்டது பலர் நினைவில் இருக்கும். துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இன்றும் பயிர்க்காவலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பன்னிரண்டு போர்த் துவக்கே. அதற்கு விண்ணப்பிப்பவன் காணியைக் காட்ட வேண்டும். லயத்துப் பின்புறத்தில் பாத்தி கட்டியவனிடம் காட்டுவதற்குக் காணியும் இல்லை, உறுதியும் இல்லை. அவனுடைய மரவள்ளியைத் தின்னும் பன்றிக்கு மட்டும் குறைவில்லை.

துவக்கு போன இடத்தில் கட்டுத்துவக்கு வந்தது. இரும்புக் குழாய், வெடிமருந்து, ஆணித்துண்டுகள், குறுக்கே ஒரு கயிறு. பன்றியின் தோள் உயரத்துக்குக் குழாயைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பன்றியின் தோள் உயரம் என்பது மனிதனின் முழங்கால், தொடை உயரம். எடையும் குழலும் பற்றி இவ்வளவு எழுதினேனே, இங்கே அவற்றைத் தேர்ந்தவன் யார்? வருவது பன்றியா, விறகுக்கு வந்த கிழவியா என்று பார்க்க அங்கே கண்ணும் இல்லை. துவக்கைத் தூக்கித் தாழ்த்தக் கையும் இல்லை. என் மாணவன் ஒருவனுடைய தந்தை, விடியுமுன் மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவர், அப்படியொரு கயிற்றில் கால் வைத்தார். உயிர் பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே இழந்தார். கட்டி வைத்தவர் இரண்டு லயம் தள்ளி இருந்தவர். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற நால்வருள் அவரும் ஒருவர். அதை நெடுநாள் கழித்தே அறிந்தோம். யாரும் பொலீசுக்குப் போகவில்லை. அந்த மாணவன் எட்டாம் வகுப்போடு நின்று கொழும்புக்குக் கடைவேலைக்குப் போய்விட்டான்.

மற்றொரு வழி சுருக்குக் கம்பி. அது ஓசையற்றது, காசும் குறைவு. பன்றிக்கென்று வைத்த சுருக்கில் சிறுத்தை விழுவது மலைநாட்டில் அடிக்கடி கேள்விப்படுவதாயிற்று. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை அவ்வாறு அகப்பட்டு மாண்டது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது நற்றிணையின் 119ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. தினை தின்னும் பன்றிக்காகப் புனத்தவன் பெருங்கல்லைத் தாங்கி வைத்த பொறியில் பன்றிக்குப் பதில் புலி அகப்பட்டதாகப் புலவர் பாடியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பொறியும் இன்றைய கம்பியும் விலங்கை வேறு பிரித்தறியா.

2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு அரசாங்கம் நாடெங்கும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு ஒன்று நடத்திற்று. குரங்கு, மர அணில், மயில் முதலியவை அவரவர் வளவிலும் தோட்டத்திலும் எத்தனை நிற்கின்றன என்று எண்ணி எழுதச் சொன்னார்கள். பலர் கேலி செய்தனர். நான் செய்யவில்லை. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர்தான் பழைய தோட்டத்துக்குப் போய் வந்திருந்தேன். பாடசாலைக்கு மாடி வந்துவிட்டது. வாச்சர் தாத்தா காலமாகி ஆண்டுகள் பல ஆயின. அவருடைய பேத்தி லயத்துக்குப் பின்னால் இன்னும் மரவள்ளி போடுகிறாள்.

“இருட்டினா பன்றி வந்திருங்க மாஸ்டர். துவக்கு ஏது, இதைத்தான் தட்டுறது” என்று சொல்லி, பரணின் காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய கூரைத் தகரத் துண்டைக் கோலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். துருவேறிய அந்தத் தகரத்தின் நடுவில், விரல் நுழையும் அளவில் ஒரு துளை தாரால் அடைபட்டிருந்தது. கோல் அந்த இடத்தில் பட்டபோது மட்டும் ஓசை மட்கி ஒலித்தது.